கருப்பா 'இருந்தாலும்' லட்சணமா?



சில மாதங்களுக்கு முன் குருபரப்பள்ளிப் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து உள்கடன் பேச்சு வந்தது. ஒரு அக்கா எழுந்து, "மருத்துவச் செலவுக்கு ஐயாயிரம் வேணும்" என்றார். யாருக்கு, என்ன நோய் என்று ஊக்குநர் கேட்டதும் அவர் பேசாமல் தலை குனிந்துகொண்டார்.

பிறகு தனியாக அழைத்துப் போய் விசாரித்தோம். அவருடைய மகள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள், பத்தொன்பது வயது. கூட வேலை செய்யும் பெண் சொன்னாள் என்று மருந்துக்கடையில் ஒரு டியூப் வாங்கி ஆறு மாதம் முகத்தில் தடவியிருக்கிறாள். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனது, வீட்டிலும் சந்தோஷப்பட்டார்கள். அப்புறம் முகமெல்லாம் சிவந்து, பரு கிளம்பி, வெயிலில் போனால் எரிச்சல். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறாள்.

அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். ஆறுதல் சொல்வதாக நினைத்து, "கருப்பா இருந்தாலும் நீ லட்சணமா இருக்கே கண்ணு, இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்றேன். அவள் என்னையே பார்த்துவிட்டு, "அது என்ன மேடம், 'இருந்தாலும்'?" என்று கேட்டாள்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சமூகப்பணி படித்துவிட்டு ஊர் ஊராகப் பெண் விடுதலை பேசுகிறவள் நான். என் வாயிலேயே அந்த 'இருந்தாலும்' உட்கார்ந்திருக்கிறது. இது எங்கிருந்து வந்தது? அதைத்தான் இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

சினிமா முகம் மாறிய கதை

அழகு என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது சினிமா நடிகைதான். ஆனால் நடிகை முகம் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததா? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

தமிழ் சினிமாவின் முதல் கனவுக்கன்னி என்று பெயர் வாங்கியவர் டி.ஆர்.ராஜகுமாரி. 1944-ல் வந்த 'ஹரிதாஸ்', 1948-ல் வந்த 'சந்திரலேகா' படங்களின் நாயகி. அவர் மாநிறத்தவர். அன்றைக்கு ஊரே அவர் பின்னால்தான் இருந்தது.

1950, 60-களில் சாவித்திரி. வட்ட முகம், பூசினாற்போல உடம்பு. 'பாசமலர்' (1961) பார்த்து நம் பாட்டிமார் அழுதது அவர் இடுப்பளவைப் பார்த்தா? அந்தக் கண்ணையும் நடிப்பையும் பார்த்துத்தானே!

அதே காலத்தில் பெங்களூரிலிருந்து வந்தவர் சரோஜாதேவி. கன்னடம் கலந்த அவருடைய தமிழைக் குறையாகச் சொல்லியிருக்கலாம். ஜனங்களோ 'கன்னடத்துப் பைங்கிளி' என்று கொண்டாடினார்கள். 2025-ல் அவர் இறந்தபோதும் அந்தப் பெயராலேயே நினைத்துக்கொண்டார்கள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற நம்ம பக்கத்துப் பெண்கள் இதை ஞாபகம் வைக்க வேண்டும்.

1978-ல் 'தப்புத் தாளங்கள்' படத்தில் வந்தார் சரிதா. கருத்த நிறம், பெரிய கண்கள். 'தண்ணீர் தண்ணீர்' (1981) படத்தில் தண்ணீருக்குத் தவிக்கிற கிராமத்துப் பெண்ணாகவே ஆகிவிட்டார். 1988-ல் 'வீடு' வந்தது. சொந்தமாக ஒரு வீடு கட்டக் கடனுக்கும் அனுமதிக்கும் அலைகிற வேலைக்குப் போகும் பெண்ணின் கதை. நம்மில் எத்தனை பேர் கதை அது! அதில் நடித்த அர்ச்சனாவும் கருத்த நிறத்தவர்தான். அந்தப் படத்துக்கு அவருக்கு இந்தியாவின் சிறந்த நடிகை என்று தேசிய விருது கிடைத்தது.

1991-ல் 'சின்ன தம்பி' வந்த சமயம் கன்னம் உப்பிய குஷ்பூதான் அழகு. திருச்சிப் பக்கம் அவருக்குக் கோயிலே கட்டினார்கள். அடுத்த பத்து வருடத்துக்குள் சிம்ரன் மாதிரி ஒல்லி இடுப்புதான் அழகு என்று பேச்சு மாறிவிட்டது. இன்றைக்குக் கூர்மையான தாடை, மெல்லிய மூக்கு, பளபள தோல்.

கவனியுங்கள் சகோதரிகளே. எண்பது வருடத்துக்குள் 'அழகு' எத்தனை தடவை மாறிவிட்டது! ஆனால் நம் முகம் மாறவில்லை. நம் அம்மாவுக்கு, அவங்க அம்மாவுக்கு இருந்த அதே மூக்குதான் நமக்கும். மாறியது அளக்கிற படிதான்.

படியை மாற்றுவது யார்?

முதலாவது வியாபாரம். ஒரே நடிகை தமிழ், தெலுங்கு, இந்தி என்று எல்லா ஊரிலும் ஓட வேண்டும் என்று வடக்கிலிருந்து வெளுத்த நிறத்தவர்களை நிறையக் கொண்டுவந்தார்கள். பாஷை தெரியாதே? குரல் கொடுக்க வேறு ஆள். அப்படிப் பல கதாநாயகிகளுக்குக் குரல் கொடுத்தவர்களில் சரிதாவும் ஒருவர். திரையில் தெரிவது ஒரு முகம், நம்மை அழ வைப்பது கருத்த பெண்ணின் குரல்!

இரண்டாவது கேமரா. கலர் பிலிம் வந்த காலத்தில் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க கோடாக் கம்பெனி லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவள் முகத்துக்கு ஏற்ற மாதிரி செய்த பிலிமில் கருத்த முகம் தெளிவாக விழவில்லை. குறை பிலிமில் இருந்தது. பழி முகத்தின் மேல் விழுந்தது. இன்றைக்கு செல்போன் கேமராவில் 'பியூட்டி' என்று ஒரு பட்டன் இருக்கிறது. நாம் கேட்காமலே நிறத்தை வெளுக்கிறது, மூக்கை மெலிதாக்குகிறது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் சொந்த முகமே பிடிக்காமல் போகிறது.

மூன்றாவது விளம்பரம். ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் 1975-ல் வந்தது. கருப்பாக இருந்தால் வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது, வெளுத்தால் எல்லாம் கிடைக்கும் என்று காட்டும் விளம்பரங்களை நாமே டி.வி.யில் பார்த்திருக்கிறோம். இதை எதிர்த்து அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் மனித உரிமை ஆணையம் வரை போனது. 2003-ல் அப்படிப்பட்ட சில விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. கருத்த நிறத்தைத் தாழ்வாகக் காட்டக் கூடாது என்று 2014-ல் விளம்பரத் தர அமைப்பு விதி கொண்டுவந்தது. 2020-ல் அந்தக் கிரீமே 'ஃபேர்' என்ற சொல்லை விட்டுவிட்டு, குளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெண்கள் சேர்ந்து கேட்டதால் ஆரம்பித்த மாற்றம் இது.

நடிகைகளும் இப்போது பேசுகிறார்கள். கருப்பு என்று சொல்லி வாய்ப்பு மறுத்ததை ஐஸ்வர்யா ராஜேஷ் மேடையிலேயே சொல்லியிருக்கிறார். 'காக்கா முட்டை' (2015) அம்மாவை மறக்க முடியுமா? கோத்தகிரிப் பெண் சாய் பல்லவி 2015-ல் 'பிரேமம்' மலையாளப் படத்தில் பரு தெரியும் முகத்தோடேயே நடித்தார். பெரிய தொகை பேசிய சிவப்பழகுக் கிரீம் விளம்பரத்தையும் வேண்டாம் என்றார்.

டியூபுக்குள் என்ன இருக்கிறது?

நம் தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற பொருள். வெயில் காட்டில் வேலை செய்கிற நமக்கு இயற்கை பிடித்த குடை அது. பிறவி நிறத்தை எந்தக் கிரீமும் மாற்றாது. அந்தக் குடையைக் கொஞ்ச நாள் மடக்கி வைக்க இரண்டு ஆபத்தான வழிகள் நடக்கின்றன.

1. ஸ்டீராய்டு கிரீம்: பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று டியூபில் போட்டிருக்கும். தோல் நோய்க்கு டாக்டர் அளந்து, கொஞ்ச நாளுக்கு மட்டும் தருகிற மருந்து. இதைத் தினமும் முகத்தில் தடவினால் முதலில் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு வரும், முகத்தில் முடி முளைக்கும். நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது.

2. பாதரசம் கலந்த கிரீம்: கம்பெனி முகவரி, லைசென்ஸ் எண் எதுவும் இல்லாத டப்பாக்களில் வரும். பாதரசம் தோல் வழியாக ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை ஒரு வகை சிறுநீரக நோயோடு வந்த 15 பேரை டாக்டர்கள் விசாரித்தபோது, 13 பேர் சிவப்பழகுக் கிரீம் போட்டவர்கள் என்று தெரிந்தது. கால் வீக்கம், சிறுநீரில் நுரை என்றால் உடனே காட்ட வேண்டும்.

அழகுக்காக உயிரே போனதும் உண்டு. 2022 மே மாதம் பெங்களூருவில் 21 வயது கன்னட சின்னத்திரை நடிகை ஒருவர், கொழுப்பு நீக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு இறந்துபோனார். திரையில் இருக்கிறவளுக்கும் அந்தப் படி போதவில்லை என்றால், நாம் எதற்கு அதில் ஏறி நிற்க வேண்டும்?

நம்ம ஊர் மாங்காயை நினைத்துப் பாருங்கள். கார்பைடு கல் வைத்த பழம் மேலே மஞ்சளாக மினுக்கும், உள்ளே புளிக்கும். கல் வைத்த பழத்தை வாங்காதே என்று பிள்ளைக்குச் சொல்கிற நாமே, பெண்ணின் முகத்துக்குக் கல் வைக்கலாமா?

வீட்டுக் கணக்கு

மாதம் 350 ரூபாய் கிரீமுக்கு என்றால் வருடத்துக்கு 4,200 ரூபாய், ஐந்து வருடத்தில் 21,000 ரூபாய். குழுவில் மாதம் 200 ரூபாய் சேமித்தால் வருடத்துக்கு 2,400 ரூபாய்தான் வருகிறது. நம் சேமிப்பைவிட கிரீமுக்கே அதிகம் போகிறது.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. "பொண்ணு கருப்பு, அஞ்சு பவுன் சேர்த்துப் போடுங்க" என்று கேட்கிறார்களே, அதற்கு வாங்குகிற கடன். நிறத்தைச் சொல்லிக் கேட்டாலும் அது வரதட்சணைதான். 1961-ஆம் வருடச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். நாமும் மருமகள் பார்க்கப் போகும்போது "நல்ல நிறமா?" என்றுதானே முதலில் கேட்கிறோம்? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

• டாக்டர் சீட்டு இல்லாமல் முகத்துக்கு எந்த மருந்துக் கிரீமும் வாங்காதீர்கள். டியூபில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டுக்கு மட்டும் தருகிற மருந்து.
• ஏற்கெனவே போடுகிறவர்கள் தாமாக நிறுத்திவிட்டு வீட்டில் உட்காராமல், அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைத் தோல் டாக்டரிடம் போங்கள்.
• 'கருவாச்சி', 'சப்பை மூக்கு' என்று பிள்ளைகளைச் செல்லமாகக்கூடக் கூப்பிடாதீர்கள்.
• குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால், நிறம் கேட்காமல் எடை கேளுங்கள்.

குழுவில் பேசுவோம்

1. நம் குழுவில் கடந்த ஒரு வருடத்தில் நிறத்தைக் காரணம் சொல்லிக் கூடுதல் பவுன் கேட்டது எத்தனை வீட்டில்?
2. நம் பெண்கள் என்ன கிரீம் போடுகிறார்கள் என்று நமக்குத் தெரியுமா? அடுத்த கூட்டத்துக்கு அந்த டப்பாக்களை எடுத்துவந்து, படிக்கத் தெரிந்த பெண்களை வைத்து வாசிக்கச் சொல்லலாமா?
3. உங்களுக்கு அழகாகத் தெரிகிற ஒரு பெண்ணைச் சொல்லுங்கள். சினிமாவில் வேண்டாம், நம் ஊரில்.

அந்த அக்காவுக்குக் குழு அன்றே கடன் கொடுத்தது. தீர்மான நோட்டில் 'மகளின் தோல் சிகிச்சைக்காக' என்று மறைக்காமல் எழுதினார்கள். தோல் டாக்டர் வைத்தியத்தில் எரிச்சல் குறைந்து வருகிறது, இன்னும் முழுக்க ஆறவில்லை. போன வாரம் அவளைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். துப்பட்டா தோளில் கிடந்தது. "நல்லா இருக்கே கண்ணு" என்றேன். சிரித்துக்கொண்டே, "இந்தத் தடவை 'இருந்தாலும்' வரலையே மேடம்" என்றாள்.