மலையிடம் நேரம் கேட்கும் மணிக்கூடு

என் மாமா, உம்மாவின் ஒரே தம்பி, ஜப்பானிலே பழைய வாகனங்களை ஏற்றுமதி செய்யும் ஒரு கொம்பனியில் பல வருடங்கள் வேலை செய்தவர். லீவில் வரும்போதெல்லாம் அவருடைய கையில் ஒரு கறுப்பு மணிக்கூடு இருக்கும். இரவு படுக்கப் போகுமுன் அதைக் கழற்றி யன்னல் ஓரத்தில் வைப்பார்.

"இதுக்கு பெட்றி மாத்தத் தேவல்ல மகள், நேரம் திருத்தவும் தேவல்ல. ஜப்பான்ல ஒரு மல இருக்கு. ராவைக்கு அந்த மலைக்கிட்ட நேரம் கேட்டுக்கும்" என்பார். அப்போது நான் ஆறாம் வகுப்பு. மலை பேசுமா என்று கேட்டு வீட்டாரைச் சிரிக்க வைத்தது ஞாபகம்.

மாமா மௌத்தாகி இரண்டு வருடங்களாகின்றன. சென்ற தவணை விடுமுறையில் அலுமாரியை ஒழுங்குபடுத்தும்போது ஒரு துணிப்பையில் அந்த மணிக்கூடு கிடைத்தது. முகத்தில் ஓர் இலக்கமும் இல்லை. "செத்துப் போச்சு, கடைல குடுத்து பெட்றி போடுவம்" என்றார் வாப்பா. அதே கிழமைதான் நானா வேலைக்காகக் கட்டாருக்குப் புறப்பட ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். மாமாவுடையதைப் போல ஒன்றை நானாவுக்கும் வாங்கிக் கொடுக்க வாப்பாவுக்கு ஆசை. கொழும்பில் ஒரு கடையில் விலை கேட்டும் வந்திருந்தார். சூரிய ஒளியில் மட்டும் இயங்குவது ஒரு விலை. "தானாகவே நேரம் பிடிக்கும்" வகை ஏறத்தாழ இரண்டு மடங்கு. எது தேவை என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவள் என்பதால் அந்தக் கேள்வி என் தலையில் விழுந்தது. அதற்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வெயில். இந்த மணிக்கூட்டின் முகத்தட்டு ஒளியை ஓரளவு உள்ளே விடக்கூடியது. அதனடியில் சிலிக்கனாலான மெல்லிய சூரியக்கலம் இருக்கிறது. அது உண்டாக்கும் மின், மீண்டும் மீண்டும் ஏற்றக்கூடிய சிறியதொரு மின்கலத்தில் சேர்கிறது. 1976ஆம் ஆண்டிலேயே ஜப்பானின் சிற்றிசன் நிறுவனம் முள்ளுள்ள சூரிய மணிக்கூட்டை விற்பனைக்கு விட்டுவிட்டது. ஆகவே இது புதுமையான விடயமல்ல. ஒரு நாள் ஓட்டத்துக்கு வேண்டிய ஒளியும் மிகச் சொற்பம். மாமாவின் மணிக்கூட்டுக் கைநூலின்படி வெளி வெயிலில் 5 நிமிடம், வெயில் படும் யன்னலருகில் 24 நிமிடம், மழைமூட்டமான நாளில் யன்னலருகில் 48 நிமிடம் போதும். அறை விளக்கின் கீழ் மட்டும் என்றால் 8 மணித்தியாலம் வேண்டும். வீட்டு விளக்கு எங்கள் கண்ணுக்குத்தான் வெளிச்சம்; சூரியக்கலத்துக்கு அது மங்கல் பொழுது.

எங்களைப் போன்ற மாணவிகள் கவனிக்க வேண்டிய ஒன்று இதிலுண்டு. நாங்கள் முழுக்கைச் சட்டை அணிகிறோம். காலையில் கட்டினால் மாலை வரை மணிக்கூடு துணிக்குள்ளேயே கிடக்கும். மாதக்கணக்கில் அப்படிப் போனால் ஏற்றம் இறங்கிவிடும். பிறகு "பழுதான சாமான்" என்று கடைக்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை. கழற்றி வைக்கும்போது யன்னலருகில் வைத்தால் போதும். ஆனால் வாகனத்தின் முன்கண்ணாடி அருகே போன்ற கடும் சூடான இடத்தில் வைக்கக் கூடாது, மின்கலம் கெட்டுவிடும்.

ஆக, மாமாவின் மணிக்கூடு சாகவில்லை, இரண்டு வருடம் இருட்டில் பட்டினி கிடந்தது. கடைக்குக் கொடுக்காமல் யன்னலில் வைத்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் இலக்கங்கள் மெல்லத் தெரிந்தன. ஏற்றம் முற்றாகத் தீர்ந்ததால் நேரமும் திகதியும் அழிந்து தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பியிருந்தது. ஜப்பானில் விற்கப்பட்டது அல்லவா, ஊர் என்ற இடத்தில் டோக்கியோ நின்றது. உம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் குசினிக்குப் போய்விட்டார்.

இனி மலைக்கு வருவோம். சாதாரண மணிக்கூட்டுக்குள் குவாட்ஸ் பளிங்கு ஒன்று செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திர எண்? அது 2இன் 15ஆம் வலு. பதினைந்து முறை இரண்டாகப் பிரித்தால் சரியாக ஒரு துடிப்பு, அதாவது ஒரு செக்கன், கிடைக்கும். ஆனால் வெப்பநிலை ஏறினாலும் இறங்கினாலும் பளிங்கு சற்றே தாமதிக்கும். அதனால் மாதத்துக்கு 15 செக்கன் வரை கூடலாம், குறையலாம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்.

இந்தப் பிழையை அழிக்கத்தான் வானொலி. ஜப்பானின் புக்குஷிமா மாகாணத்தில் ஓட்டகடோயா என்ற மலையில் 1999ஆம் ஆண்டு முதல் ஒரு நிலையம் 40 கிலோஹேர்ட்ஸ் மீடிறனில் நேரத்தை மட்டுமே ஒலிபரப்புகிறது. பாட்டில்லை, செய்தியில்லை. தெற்கே கியூஷுவில் ஹகனே மலையில் 2001இல் தொடங்கிய இரண்டாவது நிலையத்தின் மீடிறன் 60 கிலோஹேர்ட்ஸ். ஒளியின் வேகத்தை மீடிறனால் வகுத்துப் பாருங்கள்: 40 கிலோஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏழரைக் கிலோமீற்றர்! இத்தகைய நெட்டலைகள் நிலத்தை ஒட்டி நெடுந்தூரம் செல்லும். மாமா சொன்ன மலை இதுதான். அது பேசத்தான் செய்கிறது.

பேசும் மொழி மிக எளிது. ஒவ்வொரு செக்கனும் அலையின் வலிமை ஒருமுறை உயர்ந்து தாழ்கிறது. உயர்ந்த நிலை 0.8 செக்கன் நீடித்தால் அது 0; 0.5 செக்கன் நீடித்தால் அது 1, 0.2 செக்கன் மட்டும் என்றால் இடையில் நட்ட எல்லைக்கல். நிமிடத்தைச் சொல்ல 40, 20, 10, பிறகு 8, 4, 2, 1 என்று இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இப்போது 37ஆம் நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 20உம் 10உம் சேர்ந்து 30. 4உம் 2உம் 1உம் சேர்ந்து 7. ஆகவே 0, 1, 1, பிறகு 0, 1, 1, 1 என்று வரும். இவற்றில் 1கள் ஐந்து உள்ளன. ஐந்து ஒற்றை எண் என்பதால் மொத்தத்தை இரட்டையாக்க இன்னொரு 1 பின்னால் வரும். இடி மின்னலில் ஓர் இலக்கம் மாறிப்போனால் இந்த இரட்டைக் கணக்கு பிழைக்கும். மணிக்கூடு அந்தச் செய்தியை ஏற்காது. தகவல் தொழினுட்பப் பாடத்தில் சமநிலைப் பரிசோதனை என்று மனனம் செய்தோமே, அது இதுதான். மணித்தியாலம், வருடத்தின் எத்தனையாவது நாள், வருடம், கிழமை எல்லாம் சேர்ந்து ஒரு முழுச் செய்தி முடிய 60 செக்கன் ஆகும்.

இரவில் கேட்பதற்கும் காரணம் உண்டு. இரவில் இந்த அலைகள் இன்னும் தூரம் செல்கின்றன. வீட்டு மின்சாதனங்களின் இரைச்சலும் குறைவு. நள்ளிரவு முதல் விடிய 5 மணி வரை மணிக்கூடு தானாகவே முயன்று பார்க்கும். ஒருமுறை பிடித்துவிட்டால் அன்றைக்கு அது போதும்.

மாமா என்னிடம் சொல்லாத ஒன்றையும் வாசித்தேன். 2011 மார்ச் 11இல் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து புக்குஷிமா அணுமின் நிலையம் சேதமடைந்தபோது, ஓட்டகடோயா நிலையம் மக்களை வெளியேற்றிய 20 கிலோமீற்றர் வட்டத்துக்குள் அகப்பட்டது. ஊழியர்கள் வெளியேற, மறுநாள் ஒலிபரப்பு நின்றது. ஏப்ரல் 21 வரை அந்த மலை மௌனம். ஹகனே மலைதான் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது.

ஆறு நாள் இரவு மாமாவின் மணிக்கூட்டை யன்னலில் வைத்தேன். ஆறு காலையும் பிழை என்ற குறியே நின்றது. யன்னலை மாற்றினேன், மொட்டைமாடிக்கும் கொண்டு போனேன். பிறகுதான் உலகப்படத்தை எடுத்துப் பார்த்தேன். இத்தகைய மணிக்கூடுகள் கேட்கும் நிலையங்கள் மொத்தம் ஆறே: ஜப்பானில் இரண்டு, சீனாவின் ஷாங்சியூ, ஜேர்மனியின் மைன்ஃபிளிங்கன், இங்கிலாந்தின் அந்தோர்ன், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள ஃபோர்ட் கொலின்ஸ். இவற்றில் எங்களுக்குக் கிட்டியது ஷாங்சியூ. அதுவும் 4,500 கிலோமீற்றருக்கு அப்பால். அதன் எல்லையோ ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர் என்று கைநூல் சொல்கிறது. ஜப்பான் நிலையங்களின் எல்லை 1,000தான். இலங்கையில் எந்த யன்னலில் வைத்தாலும் ஒன்றுதான். கட்டாரும் இந்த எல்லைகளுக்கு வெளியேதான், சவூதியும் அப்படியே.

இதை வாப்பாவிடம் படம் போட்டுக் காட்டினேன். "அப்ப கடைக்காரன் சொன்னது பொய்யா?" என்று கேட்டார். பொய்யல்ல, பாதி. நேரம் பிடிப்பது உண்மை, இங்கே பிடிக்காது என்பதைத்தான் சொல்லவில்லை. நானாவுக்கு வானொலி இல்லாத, சூரிய ஒளியில் மட்டும் இயங்கும் ஒன்றை வாங்கினோம். மிஞ்சிய காசில் அவருக்குச் சப்பாத்தும் ஒரு பயணப் பையும் வந்தன. ஐரோப்பாவுக்கோ ஜப்பானுக்கோ அடிக்கடி போகிறவருக்கு வானொலி வகை நல்ல துணைதான். வளைகுடாவுக்குப் போகிறவர் அதற்கு ஏன் இரட்டிப்புக் கொடுக்க வேண்டும்? செய்மதியிடம் நேரம் கேட்கும் சூரிய மணிக்கூடுகள் 2011 முதல் விற்பனைக்கு வந்துள்ளன. வானம் தெரிந்தால் அவை இங்கும் வேலை செய்யும், ஆனால் விலை எங்களுக்கு எட்டாது.

இன்னொரு சிறு விடயம். பயணத்தில் ஊரைத் தெரிவு செய்யும் பட்டியலில் கொழும்பு இருக்காது. டெல்லியைத் தெரிய வேண்டும். இரண்டுக்கும் உலகநேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம். எப்போதும் அப்படி இருக்கவுமில்லை. 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டால் எங்கள் நாட்டு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள். மீதி அரை மணித்தியாலம் திரும்பி வந்தது 2006 ஏப்ரலில்தான். "பழைய நேரமா, புது நேரமா என்று கேட்டுக் கேட்டே காலம் போச்சு" என்பார் உம்மா.

பாடசாலை தொடங்கியதும் இந்தக் கதையைப் பௌதிகவியல் டீச்சரிடம் சொன்னேன். அவர் மறுநாள் ஆய்வுகூடத்துக்கு மணிக்கூட்டைக் கொண்டுவரச் சொன்னார். தொலைபேசியில் ஒரு செயலியை இயக்கி, காதொலிப்பானின் வயரை மணிக்கூட்டைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றினார். தொலைபேசியால் 40 கிலோஹேர்ட்ஸ் எழுப்ப முடியாது. ஆனால் 13.333 கிலோஹேர்ட்ஸ் எழுப்பலாம். அதன் மூன்றாம் இசையம் சரியாக 40. வயரிலிருந்து ஊசிபோன்ற கீச்சொலி வந்தது. வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. ஐந்து நிமிடமளவில் பிழைக்குறி போய், பிடித்துவிட்டதற்கான குறி வந்தது. இலக்கங்கள் டோக்கியோ நேரத்துக்குத் தாவின. அது மலையின் நேரமல்ல, தொலைபேசியின் நேரம்தான், தொலைபேசி பிழைத்தால் மணிக்கூடும் பிழைக்கும். அதை டீச்சரும் சொன்னார். எனக்கு அப்போது அது காதில் ஏறவில்லை.

அன்று மாலை ஊரை டெல்லிக்கு மாற்றினேன். இப்போது அது என் கையில் இருக்கிறது. ஒரு மாதம் கழித்துப் பார்த்ததில் 7 செக்கன் பின்தங்கியிருந்தது, கையாலே திருத்திக்கொண்டேன். இரவில் நான் கழற்றி மேசையில் வைத்தால், உம்மா அதை எடுத்து மாமா வைத்த அதே யன்னல் ஓரத்தில் வைக்கிறார். மலை இங்கே கேட்காது என்று நான் அவரிடம் சொல்வதில்லை. காலையில் அந்த யன்னலில்தான் முதல் வெயில் விழுகிறது.