கடலடியில் ஓர் உறைநிலம்

அலாஸ்காவின் வடகரையை ஒட்டியுள்ள பியூபோர்ட் கடலில், கரைக்கு அருகே சில இடங்களில் கடல்தரையைத் துளையிட்டால், பனிக்கட்டியால் இறுகிய மண் அகப்படும். மேலே கடல்நீர் உறையாமல் இருக்க, அடியில் மண் மட்டும் உறைந்தது எவ்வாறு?

அந்த மண் கடலடியில் உறைந்ததன்று. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், ஏராளமான நீர் கண்டங்களின்மேல் பனிப்பாளங்களாகத் தேங்கியிருந்தது. கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இன்று ஆழங்குறைந்த கடலாக உள்ள பகுதி அன்று வெட்டவெளி. கடுங்குளிரில் அதன் மண் பல நூறு மீட்டர் ஆழம்வரை உறைந்தது. பின்னர் பனிப்பாளங்கள் உருகின. கடல் உயர்ந்து அந்நிலத்தை மூடியது. அன்றுமுதல் கடல்நீரின் வெப்பமும் உப்பும் அதை மெல்ல மெல்ல உருக்கி வருகின்றன.

உறைநிலத்தோடு சேர்ந்து சில இடங்களில் மீத்தேன் ஹைட்ரேட்டும் உண்டு. நீர் மூலக்கூறுகள் கூண்டுகளாக அமைந்து மீத்தேன் வாயுவைச் சிறைப்படுத்திய திண்மம் அது. பார்வைக்குப் பனிக்கட்டி போலவே இருக்கும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் சிதைந்தால் சுமார் 160 கன மீட்டர் வாயு வெளிப்படும். நூறாண்டுக் கணக்கில், மீத்தேன் அதே எடையுள்ள கார்பன்-டை-ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடேற்ற வல்லது. ஆகவே உறைநிலம் எதுவரை எஞ்சியுள்ளது என்பது முக்கியமான வினா.

கடல் முழுவதையும் துளையிட்டுப் பார்க்க இயலாது. இங்கே ஒலி கைகொடுக்கிறது. கப்பலிலிருந்து ‘காற்றுத் துப்பாக்கி’ என்னும் கருவி அழுத்தக் காற்றை நீருக்குள் வெடித்து வெளிவிடும். கப்பல் இழுத்துச் செல்லும் நீண்ட கேபிளில் பொருத்திய நீரடி ஒலிவாங்கிகள், திரும்பி வரும் அதிர்வலைகளைப் பதிவு செய்யும். இதுவே அதிர்வலை ஆய்வு.

ஒலியின் வேகம் நீரில் வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர். உறையாத கடலடி மண்ணில் இதைவிடச் சற்றே அதிகம். உறைந்த மணலிலோ 3000 மீட்டரையும் தாண்டக்கூடும். வேகம் மிகுந்த அடுக்கை மாறுநிலைக் கோணத்தில் அடையும் அலை, விலகி, அவ்வடுக்கின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். ஓடும்போதே ஒரு பகுதியை மேல்நோக்கி அனுப்பும். மண்பாதையில் நேராகச் செல்லும் மாட்டுவண்டியை, சுற்றுவழியானாலும் தார்ச்சாலையில் செல்லும் பேருந்து முந்துவதில்லையா? அதுபோல்தான் இதுவும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலிவாங்கி 3 கி.மீ. தொலைவில் இருக்கிறது, கடலின் ஆழம் 20 மீட்டர். நீர்வழியே நேராக வரும் அலைக்கு 2 வினாடி ஆகும். தரையை ஒட்டியே 3000 மீட்டர் வேகமுள்ள உறைநிலம் இருந்தால், அதன்வழி வரும் அலைக்கு 1 வினாடிக்குச் சற்றே அதிகம் போதும். முந்தி வந்த அலை அடியிலுள்ள உறைநிலத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்!

1977 முதல் 1992 வரை பியூபோர்ட் கடலின் அமெரிக்கப் பகுதியில் எடுக்கப்பட்ட அதிர்வலைப் பதிவுகளை, அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தார் இந்த நோக்கோடு மீண்டும் ஆராய்ந்தனர். மொத்தம் 5,370 கி.மீ. நீளப் பதிவுகளில், 2300 மீட்டருக்கு மேற்பட்ட வேகமுள்ள விலகல் அலைகளைத் தேடினர். 2012இல் முடிவு வெளியாயிற்று. கடல் 120 மீட்டர் ஆழமுள்ள இடம்வரை உறைநிலம் பரவியிருக்கும் என்றே அதுவரை பலரும் கருதி வந்தனர். ஆனால் அதன் அடையாளம் 5 விழுக்காட்டிற்கும் குறைவான தூரத்திலேயே கிடைத்தது. அதுவும் 20 மீட்டர் ஆழத்துக்கு உட்பட்ட, கரையிலிருந்து 30 கி.மீ.க்குள் அடங்கிய கடற்பகுதியில் மட்டுமே!

இது குறைந்தபட்ச எல்லையே என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். களிமண் முழுமையாக உறைவதில்லை. அதில் வேகம் அவ்வளவு கூடாது. ஆகவே இம்முறைக்கு அது தப்பிவிடலாம். மேலும், பனிக்கட்டியிலும் ஹைட்ரேட்டிலும் ஒலியின் வேகம் ஏறத்தாழ ஒன்றே. வேகத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதற்குத் துளையிட்டு வெப்பநிலையை அளக்க வேண்டும். 0° செல்சியசுக்கு மேல் பனிக்கட்டி நிலைக்காது. போதிய அழுத்தம் இருந்தால் ஹைட்ரேட் நிலைத்து நிற்கும்.

எங்கே துளையிடுவது, எங்கே மீத்தேன் கசிவைக் கண்காணிப்பது என்பதை இனி அந்த வரைபடம் சொல்லும். உறைநிலம் இன்னும் உருகிக்கொண்டிருக்கும் இடம் தொலைதூர ஆழ்கடல் அன்று. கரையோரத்து ஆழங்குறைந்த நீரின் அடிதான்.