பிளக் மாற்றிய பின் கார் உதறுகிறதா?

வீட்டிலேயே பிளக் மாற்றிய மறுநாள் கார் உதறினால், எங்கெங்கோ தேட வேண்டாம். கடைசியாகக் கை பட்ட இடத்தையே முதலில் பாருங்கள்.

நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலும் 1-3-4-2 என்ற வரிசையில் தீப்பொறி பாயும். பழைய வண்டியில் இரண்டு பிளக் ஒயர் இடம் மாறினாலே இன்ஜின் குலுங்கும், சைலன்சரில் வெடிக்கும். கழற்றிய வேக்குவம் குழாயைத் திரும்ப மாட்ட மறந்திருந்தால், ஐட்லிங்கில் 'உஸ்' சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

புது வண்டிகள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில். ஸ்கேனர் பி0302 என்று காட்டினால் சிக்கல் 2-வது சிலிண்டரில். இன்ஜினை அணைத்து, அந்தக் காயிலை 3-வதோடு மாற்றி மாட்டுங்கள். குறியீடு பி0303 ஆனால் காயில்தான் பழுது. மாறாவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும்.

உதறல் அல்ல, கார் ஸ்டார்ட்டே ஆகாமல் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' மட்டும்தானா? மரக்காணம் உப்பளப் பக்கம் முதல் சந்தேகம் உப்புக் காற்று அரித்த பேட்டரி டெர்மினல் மேலும், பாடியோடு சேரும் எர்த் ஒயர் மேலும்தான் விழ வேண்டும். நெகட்டிவை முதலில் கழற்றுங்கள்; மாட்டும்போது அது கடைசி. சோடா உப்புக் கரைசலில் தேய்த்து, துடைத்துக் காயவைத்து இறுக்கியபின் வாசலின் தடவுங்கள். முழு சார்ஜில் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும்.

உதறலோடு செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஓட்டவே ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும். அதன் விலை ஒரு செட் பிளக்கைவிடப் பல மடங்கு.