கண்ணாடியில் ஒட்டிய தாத்தா

கேள்வி: தாத்தா-பாட்டியின் கல்யாணப் படம், ஜப்பான்காரன் காலத்துக்கு முன் ஜார்ஜ்டவுனில் எடுத்தது, சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஓரத்தில் பூஞ்சணம். தோட்டத்து மல்லிகை பூக்கும் இந்த வெயிலில் காயவைத்துப் பிரிக்கலாமா?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: வெயில் மல்லிகைக்கு மட்டும் போதும் அம்மா, தாத்தாவை நிழலுக்குக் கொண்டுவாருங்கள். அந்தக் காலத்துக் கறுப்பு-வெள்ளைப் படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். பினாங்கு ஈரக்காற்றில் அது இளகிப் பசைபோலக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் வைத்தால் தாள் சுருண்டு பூச்சு வெடிக்கும். கத்தி, ஈரத்துணி, ஹேர்டிரையர் எதுவும் வேண்டாம். பிய்த்தால் பாட்டியின் முகம் கண்ணாடியோடு போய்விடும்.

ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும். பின்னட்டையை மட்டும் கழற்றி எறியுங்கள் (ராமபாணப் பூச்சி குடியிருப்பது அங்கேதான்). கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து, கறைகளைக் கணினியில் நீக்கி, புதுப்பிரதியைச் சுவரில் மாட்டுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விட்டு, அமிலமற்ற அட்டையில் மவுண்ட் போடச் சொல்லுங்கள். சட்டம் போடுபவர் "தேவையில்லை" என்பார், விடாதீர்கள்.

மூலப்படம் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவுக்குள் போகட்டும். ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் பரவாது. ஏப்ரலில் மழை கூடும். ஸ்கேன் வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.