உத்தரணி அளவே மருந்து!

மதுரையிலிருந்து தென்காசி செல்லும் சாலையில், வாசுதேவநல்லூரைக் கடந்ததும் வருகிறது புளியங்குடி. மேற்கே மலைத்தொடர், அதன் அடிவாரத்தில் எலுமிச்சைத் தோட்டங்கள். ‘எலுமிச்சை நகரம்’ என்றே அழைக்கப்படும் இவ்வூரின் கனிக்கு 2025-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அம்மன் கழுத்தில் மாலையாகவும், சந்நிதியில் விளக்காகவும், பக்தர் கையில் பிரசாதமாகவும் விளங்கும் இந்தக் கனிதான், வீட்டுக்கு வந்ததும் சாறாக, ஊறுகாயாக, மருந்தாக மாறுகிறது.

கிழக்கே சற்றுத் தூரத்தில் சங்கரன்கோவில். அரியும் சிவனும் ஒன்றே எனக் காட்டச் சங்கரநாராயணராக இறைவன் எழுந்தருளிய தலம். அந்தத் திருக்கோலத்தைக் காண அன்னை கோமதி தவமிருந்ததைப் போற்றும் ஆடித்தபசு விழா உலகறிந்தது. இங்கே புற்றுமண்தான் விசேஷப் பிரசாதம். தென்காசிக்கு அப்பால் குற்றாலத்துக்குப் போனால், அருவிச் சாரலில் வீற்றிருக்கும் குற்றாலநாதருக்குச் சுக்கு, மிளகு, கடுக்காய் சேர்ந்த கஷாயம் நிவேதனமாகிறது. குளிரில் இருக்கும் சுவாமிக்கு ஜலதோஷம் வந்துவிடக் கூடாதே என்ற அன்பு!

மூலிகை நம் கோயில்களுக்குப் புதிதல்ல. ஆனால் அங்கே அது எவ்வளவு தரப்படுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? துளசி தீர்த்தம் ஓர் உத்தரணி. விபூதி ஒரு சிட்டிகை. வேப்பிலை ஒரு கொத்து. உள்ளங்கைக் குழிக்கு மேல் எதுவும் கிடைப்பதில்லை. வீட்டு வைத்தியத்தில் நாம் மறந்துவிடுகிற பாடம் இதுதான்.

மருந்தின் பெயரில் நூல்கள்

பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள் நம் முன்னோர். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகம். ஐந்து வேர்கள் சேர்ந்தது சிறுபஞ்சமூலம். ஏலம் முதலான ஆறு பொருள்கள் சேர்ந்தது ஏலாதி. ஏலாதிச் சூரணத்தில் முதல் பொருள் ஒரு பங்கு, அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மூன்று என ஆறு பங்கு வரை அளவு கூடிக்கொண்டே போகும். எதைச் சேர்ப்பது என்பதோடு எவ்வளவு சேர்ப்பது என்பதும் மருந்தின் இலக்கணம். வள்ளுவரும் ‘மருந்து’ அதிகாரத்தின் பெரும்பகுதியை, அளவறிந்து உண்பதற்கே ஒதுக்கியிருக்கிறார்.

காஞ்சிபுரம் அருகே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உண்டு. 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோயிலோடு இணைந்து ‘வீரசோழன்’ என்ற ஆதுலர்சாலை 15 படுக்கைகளுடன் நடந்த செய்தி அதில் இருக்கிறது. நாடி பார்க்க மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர் என்று ஆட்களையும், வாசா ஹரீதகி, தசமூல ஹரீதகி எனச் சுமார் இருபது ஆயுர்வேத மருந்துகளையும் வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். வாசா என்பது ஆடாதோடை. ஹரீதகி என்பது நம் கடுக்காய். கோயில் வாசலிலேயே இருந்தும், அங்கே மருந்து கொடுத்தவர் மருத்துவர்தான் என்பதை மனதில் வையுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

சளி, தொண்டைக் கரகரப்பு: தோல் சீவிய சுக்கு ஒரு சிறு துண்டு, மிளகு ஐந்து, துளசி பத்து இலை. தட்டிப் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராகச் சுண்டும் வரை கொதிக்க விடுங்கள். பெரியவர்கள் காலை, மாலை அரை டம்ளர் வீதம் இரண்டு மூன்று நாள் குடித்தால் போதும். வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளிப்பதும் இதம் தரும்.

வறட்டு இருமல்: படுக்கப் போகும்முன் ஒரு டம்ளர் பாலில் மஞ்சள்தூள் கால் ஸ்பூன், மிளகுத்தூள் ஒரு சிட்டிகை. மஞ்சளின் சத்து உடம்பில் சேர மிளகு துணை செய்கிறது. நம் பாட்டிகள் சேர்த்துக் கொடுத்ததை ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள்.

நெஞ்சுச் சளி: ஆடாதோடைக்குத் தனிப்பெருமை உண்டு. ஆங்கில மருத்துவத்தில் சளியை இளக்கப் பயன்படும் ‘புரோம்ஹெக்சின்’, இதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றி உருவானதுதான். அத்தனை வீரியம் உள்ள இலை என்பதால், மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். கர்ப்பிணிகள் அறவே கூடாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணம் இதற்கு உண்டு.

அஜீரணம், வயிற்று உப்புசம்: ஓமம் அரை ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டிக் குடிக்கலாம். இஞ்சிச் சாற்றில் சில துளி எலுமிச்சை சேர்த்தால் குமட்டல் அடங்கும். நெஞ்செரிச்சல், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு எலுமிச்சை ஆகாது.

மலச்சிக்கல்: கொட்டை நீக்கிய கடுக்காய்ப் பொடி அரை ஸ்பூன், இரவில் வெந்நீரில். தினசரி வழக்கமாக்க வேண்டாம். கீரை, பழம், தண்ணீர் என்று உணவைத் திருத்துவதே நிரந்தரத் தீர்வு.

எதிர்ப்பு சக்தி ஒரே நாளில் வருமா?

எலுமிச்சையிலும் நெல்லியிலும் வைட்டமின் ‘சி’ உண்டு. இதைத் தொடர்ந்து சேர்த்துக்கொள்பவர்களுக்கும் ஜலதோஷம் வரத்தான் செய்யும். நாள் மட்டும் சற்றுக் குறையும் என்கின்றன ஆய்வுகள். ஆகவே, ‘இதைக் குடித்தால் நோயே வராது’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நல்ல உறக்கம், நேரத்துக்கு உணவு, கை கழுவும் பழக்கம், உரிய தடுப்பூசி... இவற்றின் மேல்தான் மூலிகை நிற்க முடியும்.

2020-ல் கொரோனா பரவியபோது, துளசி, சுக்கு, மிளகு, பட்டை, திராட்சை சேர்த்த கஷாயத்தை நாளுக்கு ஒன்றிரண்டு முறை அருந்தலாம் என்றது மத்திய ஆயுஷ் அமைச்சகம். தமிழகத்தில் 15 சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீர் வீதிவீதியாக வழங்கப்பட்டது. ‘ஒன்றிரண்டு முறை’ என்ற சொல்லைக் காதில் வாங்காமல் வேளைக்கு ஒரு டம்ளர் குடித்து, வயிறு எரிந்து தவித்தவர்கள் உங்கள் தெருவிலும் இருந்திருப்பார்கள்.

சீந்தில் கொடியின் கதை இன்னும் எச்சரிக்கையானது. சீந்தில் சாப்பிட்டவர்கள் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக 2021-ல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அதே போலத் தோன்றும் வேறு கொடியைப் பறித்திருக்கலாம் என்றது ஆயுஷ் அமைச்சகம். வாதம் எப்படியிருந்தாலும் நமக்குப் பாடம் ஒன்றே. அடையாளம் தெரியாத இலையைப் பறிக்கக் கூடாது. தெரிந்ததையும் மாதக்கணக்கில் விழுங்கக் கூடாது.

யாருக்கு, எது வேண்டாம்?

* ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. வசம்பு, ஜாதிக்காய் இழைத்துக் கொடுக்கும் உரைமருந்தும் அதுவரை வேண்டாம்.

* கோயில் தீர்த்தத்தில் சேர்வது பச்சைக் கற்பூரம், அதுவும் அணுவளவு. தீபாராதனைக்கான சூடம் வேறு. குழந்தைக்குச் சளி என்று சூடத்தை எண்ணெயில் கரைத்து மூக்கில் தடவுவது, உள்ளுக்குக் கொடுப்பது ஆபத்து, வலிப்பு வரக்கூடும்.

* புற்றுமண்ணைப் பக்தியோடு நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். திறந்த புண்ணில் எந்த மண்ணையும் பூசாதீர்கள்; ரணஜன்னி எனும் டெட்டனஸ் கிருமி மண்ணில் வாழ்வது.

* சர்க்கரை நோய்க்கோ, ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை எடுப்பவர்கள், மூலிகை எதையும் தொடர்ந்து சாப்பிடும்முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கஷாயத்தில் கருப்பட்டி சேர்த்தாலும் அது சர்க்கரைதான்.

* பற்பம், செந்தூரம் போன்றவற்றைத் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். பாக்கெட் மருந்தென்றால் உற்பத்தி உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

காய்ச்சல் என்றால்...

2012-ல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீர் வீடுதோறும் அறிமுகமானது. ஒன்பது சரக்குகள் சேர்ந்த அந்தக் குடிநீரை அருந்தினாலும், காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். காய்ச்சல் விட்டதும் ‘சரியாகிவிட்டது’ என்று இருந்துவிடாதீர்கள். டெங்குவில் அபாயம் தலைகாட்டுவது அப்போதுதான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சிறுநீர் குறைவது, சோர்ந்து மயங்குவது... இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு! மூச்சுத்திணறலுக்கும் மஞ்சள் காமாலைக்கும் இதே விதிதான்.

மூலிகை வைத்தியத்தையே விரும்புபவர்களுக்கும் முறையான வழி உண்டு. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தா, ஆயுர்வேதப் பிரிவுகள் இருக்கின்றன. படித்த மருத்துவர் நாடி பார்த்து, வயதும் உடல்வாகும் அறிந்து, அளவு சொல்லித் தருவார்.

அடுத்த முறை பெருமாள் சந்நிதியில் தீர்த்தத்துக்குக் கை நீட்டும்போது, அந்த ஓர் உத்தரணியைக் கவனியுங்கள். இன்னொரு கை வாங்கினால் இரட்டிப்புப் புண்ணியம் என்று யாரும் நினைப்பதில்லை. உங்கள் வீட்டு அடுப்பில் கொதிக்கும் கஷாயத்துக்கும் அந்தக் கணக்கே பொருந்தும். அம்மன் அருளோடு, அளவும் அறிந்து, ஆரோக்கியமாக வாழுங்கள்!