தேடினேன், இல்லை

"பழைய பத்திரிகைகளில் நூலகங்களைப் பற்றி ஒன்றுமே இல்லை, சார். நெட்டில் இருப்பதை எல்லாம் சலித்துப் பார்த்துவிட்டேன்" என்றார் ஆய்வு மாணவர் ஒருவர். என்ன சொல்லைப் போட்டுத் தேடினீர்கள் என்று கேட்டேன். 'நூலகம்' என்றார். புத்தகசாலை, புஸ்தகசாலை, வாசகசாலை, நூல்நிலையம், லைப்ரரி என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலையிலிருந்து என் போனில் வரிசையாக லிங்க்குகள். நன்றி சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை.

நம்பிக்கை: தேடுபெட்டியில் வராவிட்டால் அப்படி ஒன்று இல்லை.

உண்மை: ஸ்கேன் செய்த பக்கம் நம் கண்ணுக்குத்தான் எழுத்து. கணினிக்கு அது கல்யாண போட்டோ மாதிரி ஒரு படம், அவ்வளவுதான். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி ஓடினால்தான் உள்ளே தேட முடியும். கூகுள் டிரைவில் உள்ள எழுத்துணரி இன்றைய அச்சுத் தமிழை நன்றாகவே படிக்கிறது. சிக்கல் பழைய அச்சில்தான். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை லை, ளை, ணை, னை எல்லாம் முன்னால் தும்பிக்கை தூக்கி நின்றன. றா, ணா, னா மூன்றுக்கும் தனிக்கால் கிடையாது, எழுத்தோடு சேர்ந்தே சுழித்திருந்தன. மங்கிய தாளும் உடைந்த அச்சும் வேறு. அங்கே எழுத்துணரி தடுமாறி 'மலை'யை வேறு எதுவாகவோ எழுதிவைக்கும். அப்புறம் 'மலை' என்று தேடினால் எப்படி வரும்? புணர்ச்சி இன்னொரு வம்பு. 'நூனிலையம்' என்று அச்சடித்திருந்தால் அதில் 'நூல்' என்ற சொல்லே இல்லை.

சரி, கணினியில் அடித்ததாவது தேறுமா என்றால், அதுவும் சந்தேகம். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பிடிஎஃப் ஒன்றைத் திறந்து, 'தமிழ்' என்ற சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி வந்து விழும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து; தமிழ் உருவம் மேலே போர்த்திய சால்வை. யூனிகோட் பரவுவதற்கு முன் அடித்த எத்தனையோ மலர்களும் ஆய்வேடுகளும் இந்தச் சால்வைக்குள்தான் கிடக்கின்றன.

ஆகவே பல மின்நூலகங்களில் நாம் தேடுவது நூலுக்குள் அல்ல. தலைப்பு, ஆசிரியர் என்று யாரோ உட்கார்ந்து தட்டிவைத்த நாலு வரிக்குள். உ.வே.சா. நூல் எதையாவது தேடினால் சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர் என்று மூன்று விதமாகவும் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். நூலுக்குள்ளேயே தேட முடியும்படி, எழுத்துணரி தந்ததைத் தமிழ் விக்கிமூலத்தில் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்க்கும் தன்னார்வலர்களுக்கு நம் ஆய்வேடுகளின் நன்றியுரையில் ஏன் இடமே கிடைப்பதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

நம்பிக்கை: டிஜிட்டல் ஆக்கிவிட்டால் அழிவே இல்லை.

உண்மை: 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை மறக்காதவர்களுக்கு இந்த நம்பிக்கை வருவதில் ஆச்சரியமில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' தளம் ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்த்துவருவது பெரும் பணி. ஆனால் சர்வருக்கும் சத்துரு உண்டு. 2023 அக்டோபரில் ரைசிடா என்ற கும்பல் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை முடக்கிப் பணம் கேட்டது. நூலகம் கொடுக்கவில்லை. புத்தகங்கள் அலமாரியில் பத்திரமாகவே இருந்தன. எது எங்கே என்று சொல்லும் அட்டவணைதான் போயிற்று. அது இணையத்துக்குத் திரும்ப 2024 ஜனவரி ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தாக்கப்பட்டு 3 கோடிக்கும் மேற்பட்ட பயனர் கணக்குகளின் விவரங்கள் திருடுபோயின. தளம் சில நாட்கள் முடங்கிக் கிடந்தது. திருடன் வராமலும் நூல் போகும்: பதிப்பகங்கள் தொடுத்த வழக்கால் அந்தத் தளத்தின் இரவல் வரிசையிலிருந்து 5 லட்சம் நூல்கள் எடுக்கப்பட்டுவிட்டன. ஓலை செல்லரிக்கும் முன் படியெடுத்து நாலு வீட்டில் வைத்தார்களே, அந்த வேலை இன்னும் தீரவில்லை.

நம்பிக்கை: 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்தாயிற்று, இனி எல்லா ஆய்விதழும் எல்லோருக்கும் இலவசம்.

உண்மை: 2025 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் இந்தத் திட்டத்துக்கு 3 ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். நல்ல காரியம்தான். ஆனால் முதல் கட்டம் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் அரசு ஆய்வு நிறுவனங்களுக்கும் மட்டும். ஓய்வுபெற்று வீட்டிலிருந்து ஆராய்கிற தமிழாசிரியருக்கு அதில் இடமில்லை. கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். கேட்டால் சந்தோஷமாக அனுப்புகிறவர்கள் நிறையப் பேர்.

நம்பிக்கை: ஏஐ இருக்கும்போது நூலகர் எதற்கு?

உண்மை: 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை அப்படியே மனுவில் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே கிடையாது. 5,000 டாலர் அபராதம். நான் சிரித்தேன். பிறகு என் முறை வந்தது. அந்தக் காலத்து வாசகசாலைகளைப் பற்றி ஒரு ஏஐயிடம் கேட்டபோது கட்டுரைத் தலைப்பு, பத்திரிகை, மாதம், பக்க எண் என்று சுத்தமாகக் கொடுத்தது. பக்க எண் வரை இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? குறித்துக்கொண்டு போய் ஒரு நூலகத்தில் நீட்டினேன். நூலகர் அம்மா பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "அந்தப் பத்திரிகை அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே நின்னு போச்சே, சார்" என்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ, உள்ளே போய் வேறொரு பைண்டு வால்யூமைத் தூசி தட்டி எடுத்துவந்து மேசையில் வைத்தார். அதன் முன்தாளில், எப்போதோ யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: வாசகசாலை, பக்கம் 212.