மறைந்துபோன ரெக்கவரி பகுதி

கேள்வி: லேப்டாப்பில் விண்டோஸை மறுபடி நிறுவினேன். வாங்கியபோது இருந்த ரெக்கவரி வசதி வேலை செய்யவில்லை. மீட்க முடியுமா?

பதில்: முதலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். சி டிரைவ் அருகே, எழுத்து ஒதுக்கப்படாமல், 10 முதல் 20 ஜிபி வரையிலான பகுதி தெரிகிறதா? தெரிந்தால் நல்ல செய்தி. நிறுவனம் வைத்த கோப்புகள் பெரும்பாலும் அதில் பத்திரமாக இருக்கும். அவற்றுக்குப் போகும் வழிதான் அறுந்திருக்கிறது. அந்தப் பகுதியை அழிக்கவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம். சில நூறு எம்பி அளவில் மட்டும் ஒன்று இருந்தால் அது விண்டோஸின் சொந்த மீட்புப் பகுதி. தொழிற்சாலைப் பிரதி அல்ல.

நிறுவும்போது எல்லாப் பகுதிகளையும் அழித்திருந்தால், மறைந்ததைத் தோண்டியெடுக்க மெனக்கெடாதீர்கள். டெல், ஹெச்பி, லெனோவோ மூன்றுமே பல மாடல்களுக்கு மீட்புக் கோப்புகளை இலவசமாகத் தருகின்றன. லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் எண் (டெல்லில் சர்வீஸ் டேக்) கையில் இருக்கட்டும். அந்தக் கோப்புகளை ஏற்ற 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். இப்படி மீட்கும்போது பென்டிரைவில் உள்ளதும் லேப்டாப்பில் உள்ளதும் அழிந்துவிடும். படங்களையும் ஆவணங்களையும் முன்னதாகவே வேறிடத்தில் நகலெடுத்துவிடுங்கள்.

லைசென்ஸ் பற்றிய கவலை வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸுடன் விற்கப்படும் லேப்டாப்புகளில் அதன் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை அழித்தாலும் அது போகாது.